காயுமா, காயாதா? ராமநாதபுரக் கரையில் மழைக்கும் பனிக்கும் அம்மாக்களின் உடுப்பு

புரட்டாசி பிறந்ததுமே எனக்கு ஒரு கவலை பிடித்துக்கொள்ளும். இன்னும் நாலைந்து வாரத்தில் மழை இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை முழுக்கத் துணி காயாது. அப்புறம் மார்கழிப் பனி, தை மாதத்து வாடை. காலையில் இரண்டு பிள்ளைகளைக் கிளப்பி, ஸ்கூட்டரில் பள்ளியில் விட்டு, அங்கிருந்து ராமநாதபுரத்துக்கு பஸ் பிடித்து வேலைக்கு ஓடுகிறவளுக்கு இன்றைக்கு எதைக் கட்டுவது என்பதைக் கொடிதான் முடிவு செய்கிறது. எது காய்ந்ததோ அதுதான் அன்றைய உடுப்பு.

நாங்கள் இருப்பது உச்சிப்புளிப் பக்கம். வடக்கே போனால் பாக் விரிகுடா, தெற்கே போனால் மன்னார் வளைகுடா. மழைக்காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், வாடை அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கும். தென்கடல் அப்போது குளம் மாதிரி கிடக்கும். வீட்டின் வடக்கு ஜன்னலை இரவெல்லாம் திறந்து வைத்தால் காலையில் கம்பியைத் தொட்டுப் பார்க்கலாம், விரலில் பிசுபிசுவென்று ஒட்டும்.

குளிர்கால உடுப்பு என்று கடைக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரில் செய்யும் முதல் தவறு குளிரைக் கணக்கில் வைப்பது. பாம்பனில் தை மாதத்து நடுராத்திரியில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். கொடைக்கானலுக்கு வாங்குவதுபோல் கம்பளி வாங்கினால் அது ஒரு வருடம் பீரோவில் கிடந்து, அடுத்த வருடம் பூச்சிக்குப் போகும். நமக்குப் பகை ஈரமும் உப்பும்தான். வாடை அடிக்கும்போது உடம்பு நடுங்குகிறது என்றால், பெரும்பாலும் நாம் போட்டிருக்கும் துணி முழுசாகக் காயவில்லை என்று அர்த்தம். ஈரத் துணி மேல் காற்றுப் பட்டால் 25 டிகிரியிலும் பல் கிட்டும்.

உப்பு எப்படி ஈரத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் பல விஷயம் புரிந்தது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். அடுப்படியில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் தண்ணீர் விடுகிறதே, அதே கதைதான். கடற்காற்றில் தொங்கும் துணியில் உப்புப் படிகிறது, காய்ந்த துணியும் சாயங்காலம் திரும்ப நமநமத்துப் போகிறது. போன வருடம் மண்டபத்துக்கு ஸ்கூட்டரில் போய்விட்டு வந்த அன்று, என் மடியில் படுத்திருந்த சின்னவள் துப்பட்டா நுனியை வாயில் வைத்துவிட்டு, "உப்பும்மா" என்று முகத்தைச் சுளித்தாள். அன்றிலிருந்து கடலோரம் போய் வந்த துணியைத் துவைக்க நேரமில்லாவிட்டாலும் நல்ல தண்ணீரில் ஒரு முறை முக்கிப் பிழிந்துவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் உடுப்புக்கென்று ஆறாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். என் முன்னால் இருக்கும் வழிகள்: பருத்திச் சேலை (மெல்லிசுச் சுங்குடி, கெட்டியான கண்டாங்கி), பூனம் மாதிரியான சிந்தெடிக் சேலை, சுடிதார், குர்தி–லெக்கிங்ஸ். மேலே போட ஸ்வெட்டரா, சால்வையா, வேறு ஏதாவதா என்பது தனி.

போன கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தபோது ஒரு சோதனை செய்தேன். ராத்திரி எட்டு மணிக்கு எல்லாவற்றிலும் ஒவ்வொன்றைப் பிழிந்து உள் அறைக் கொடியில் போட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டேன். நாலரை மணிக்கு எழுந்து ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கைக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியும். பூனம் சேலை எப்போதோ காய்ந்திருந்தது. சுங்குடிச் சேலை வெளி மடிப்பில் காய்ந்து உள் மடிப்பில் ஈரமாக இருந்தது. கண்டாங்கி அப்படியே ஈரம், அதன் அகலக் கரை பிழிந்தால் சொட்டும்போல் இருந்தது. ரேயான் குர்தி கனத்துத் தொங்கி, நீளம்கூட இழுத்துக்கொண்டிருந்தது. சுடிதார் பேன்ட் கால் பக்கம் காய்ந்து, நாடா போகிற இடுப்பு மடிப்பில் குளிர்ந்தது. பருத்தி உள்பாவாடையும் அப்படியே.

மறுநாள் அத்தை கொடியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னத்தா, சேலையை நாலா மடிச்சுப் போட்டா விடியிறதுக்குள்ள எப்படிக் காயும்? ரெண்டு கொடியில ஒத்தையா விரிச்சு விடு." அறையின் குறுக்கே இரண்டாவது கொடி கட்டி, சுங்குடியை ஒற்றையாகப் பந்தல் மாதிரி விரித்தோம். நாலரை மணிக்குத் தொட்டுப் பார்த்தால் கரை வரைக்கும் சொறசொறவென்று காய்ந்திருந்தது. சுடிதார் பேன்ட் அன்றைக்கும் இடுப்பில் ஈரம்தான்.

நான் நினைத்திருந்த கணக்கே அங்கே மாறிப்போனது. மழைக்குச் சுடிதார், வெயிலுக்குச் சேலை என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். சேலை ஐந்தரை மீட்டர் இருந்தாலும் ஒற்றைத் துணி, தையல் கிடையாது, மடிப்பு கிடையாது. மெல்லிய பருத்தியாக இருந்து விரித்துப் போட இடமும் இருந்தால் அது பேன்ட்டைவிடச் சீக்கிரம் காயும். சேலை கட்டுகிறவர்களுக்கு ஈரத்தில் கழுத்தறுப்பது சேலையே அல்ல, உள்பாவாடையும் லைனிங் வைத்த பிளவுஸும்தான். இதைக் கவனிக்காமல் சேலையைப் பழி சொல்லிவிட்டு லெக்கிங்ஸுக்கு மாறுகிறோம்.

நூலின் குணம் தெரிந்தால் மீதியும் விளங்கும். காற்றில் 65 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது 100 கிராம் உலர்ந்த பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். ரேயான் 11 முதல் 13 கிராம் வரை இழுக்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட எடுக்காது. பருத்தி நனைந்தால் பலம் கூடும், ரேயான் நனைந்தால் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழக்கும். அதனால் மழைக்காலத்தில் ரேயான் குர்தியை முறுக்கிப் பிழிந்தால் தையல் ஓரத்தில் விட்டுப்போகும். கடையில் கைக்கு வழுவழுவென்று, விலையும் மலிவாக இருப்பதால் நம்மில் பலர் அள்ளிக்கொண்டு வருவது ரேயானைத்தான். பங்குனி, சித்திரைக்கு நன்றாக இருக்கும். ஐப்பசிக்கு வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

லெக்கிங்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலோடு ஒட்டுவதால் நனைந்தால் தோலோடு ஒட்டிக் கடிக்கும், இடுப்பு எலாஸ்டிக் கடைசியாகக் காயும், அரை ஈரத்தில் போட்டால் தொடை இடுக்கில் படை வரும். எனக்கு வந்தது, மாசி வரைக்கும் மருந்து போட்டேன்.

அப்படியானால் எல்லாவற்றையும் பாலியஸ்டரில் வாங்கிவிடலாமே? பூனம் சேலை மேல் எனக்கு நிஜமான மரியாதை உண்டு. எங்கள் தெருவில் மீன் ஏலத்துக்குப் போகிற அக்காக்களிலிருந்து அங்கன்வாடி டீச்சர் வரைக்கும் மழைக்காலத்தில் அதைத்தான் கட்டுகிறார்கள். இஸ்திரி வேண்டாம், சாயம் போகாது, இரண்டு மணி நேரத்தில் காயும். ஆனால் அது தண்ணீரைக் குடிக்காததுபோலவே வியர்வையையும் குடிக்காது. மழை விட்ட மத்தியானத்தில், பஸ்ஸில் ஜன்னலை அடைத்து வைத்திருக்கும் நேரத்தில், முதுகில் வழிகிற வியர்வை அப்படியே நிற்கும். சாயங்காலம் வாடை அடிக்கத் தொடங்கும்போது அந்த வியர்வைதான் குளிரும்.

இன்னொரு காரணம் பெரியது. கார்த்திகை தீபத்தன்று வாசலில் வரிசையாக விளக்கு, வடக்கிலிருந்து காற்று. பருத்தியும் தீப்பிடிக்கும், ஆனால் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், அந்தப் புண் ஆழமானது. விளக்கேற்றும்போதும் அடுப்படியில் நிற்கும்போதும் சிந்தெடிக் வேண்டாம், முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். ஒருவேளை அப்படி நடந்துவிட்டால் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரைச் சன்னமாக விட்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாவு, பற்பசை எதுவும் பூச வேண்டாம்.

இந்தப் பருத்தியா, சிந்தெடிக்கா என்ற இழுபறியை எனக்குத் தீர்த்து வைத்தவள் என்னோடு வேலை பார்க்கும் கீழக்கரைத் தங்கை. அவள் அபாயா போட்டுத்தான் வருவாள். எவ்வளவு மழை பெய்தாலும் பத்து மணிக்கெல்லாம் காய்ந்த உடுப்போடு உட்கார்ந்திருப்பாள். எப்படி என்று கேட்டேன். "மேல போடுறது நிதா துணிக்கா. உதறினாப் போதும். உள்ள எப்பவும் மெல்லிசுப் பருத்திதான். மேல இருக்கறது தண்ணி குடிக்கக் கூடாது, உள்ள இருக்கறது குடிக்கணும்" என்றாள். நிதா என்பது அபாயாவுக்கென்றே வரும் பாலியஸ்டர் துணி. அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு மண்டபம் கரையில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, முழுக்கை, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான். உப்பும் காற்றும் வெயிலும் பட வேண்டியது அந்தச் சட்டையில்தான் படுகிறது. இந்தக் கரைக்கு என்ன உடுப்பு என்பதை நமக்கு முன்பே அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆகவே மேலே போட ஸ்வெட்டரா, சால்வையா என்ற கேள்விக்கு என் பதில் முழுக்கைச் சட்டை. அக்ரிலிக் ஸ்வெட்டரின் பின்னல் வழியாக வாடை ஊசி மாதிரி இறங்கும், நனைந்தால் கனக்கும். சால்வை ஸ்கூட்டரில் ஆபத்து, சக்கரத்தில் சிக்கினால் கழுத்தோடு போகும். நெருக்கமாக நெய்த பாலியஸ்டர்–பருத்தி கலந்த சட்டை காற்றைத் தடுக்கும், உப்பைத் தாங்கும், ராத்திரிக்குள் காயும். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர் விட்டுப்போன இரண்டு சட்டைகள் பீரோவில் இருந்தன. கையை என் அளவுக்குக் குறைத்துத் தைத்துக்கொண்டேன். மார்கழிக் காலை ஆறரைக்குப் பால் வாங்கப் போகும்போதும் அதுதான், பிள்ளைகளை விடப் போகும்போதும் அதுதான். பஸ் ஏறும் முன் கழற்றிப் பையில் வைத்துவிடுவேன். வீட்டுக்குள்ளும் விடியற்காலையிலும் போர்த்திக்கொள்ளச் சால்வை ஒன்று இருந்தால் நல்லதுதான். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் வயதுக்கு அது வேண்டும்.

இனி சேலைக்குள்ளேயே எது என்று பார்க்க வேண்டும். கண்டாங்கி எனக்கு உயிர். அரக்கும் மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்ட அந்தச் சேலையைக் கட்டினால் நாள் முழுக்க ஒரு கம்பீரம். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் கெட்டித் துணி. மழை நாளில் துவைத்தால் இரண்டு நாள் கொடியை அடைத்துக்கொள்ளும், உள்ளே மக்கல் வாடை பிடிக்கும். அதைத் தைக்கும் மாசிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலும் இருக்கும், காலைப் பனிக்குக் கதகதப்பாகவும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகைக்கு மதுரைச் சுங்குடி. புவிசார் குறியீடு 2005-லேயே வாங்கிய சேலை. கடையில் இன்று கிடைப்பதில் பெரும்பாலானவை முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தவை அல்ல, அச்சடித்தவைதான். அன்றாடத்துக்கு அது போதும். மெல்லிய நூல், அடர்ந்த நிறம், உடம்பெல்லாம் புள்ளி. சேறு தெறித்தாலும் தெரியாது, நனைந்தாலும் உடம்பு தெரியாது. வெளிர் நிறப் பருத்தி நனைந்தால் என்ன ஆகும் என்பதைப் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் மாவட்டத்துக்குள்ளேயே பரமக்குடியும் எமனேசுவரமும் இருக்கும்போது அங்கேயும் போய்ப் பார்க்க வேண்டும். நான் அங்கே வாங்குவதாக இருந்தால் மழைக்கு முன்பே போய்விடுவேன். கைத்தறிக்காரர்கள் தெருவில் பாவு (தறியில் நீளவாக்கில் போகும் நூல்) விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைக்க வெயில் வேண்டும். மழை பிடித்தால் அந்த வேலை நின்றுவிடும். நமக்குத் துணி காயாத கஷ்டம், அவர்களுக்கு அதனாலேயே கூலி போகிற கஷ்டம். புரட்டாசியில் வாங்கினால் நமக்குத் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும், அவர்களுக்கும் மழைக்கு முன் கையில் காசு இருக்கும்.

கஞ்சி என்றதும் இன்னொன்று. ஐப்பசி பிறந்தால் பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடுவதை நிறுத்திவிடுங்கள். இந்த ஈரத்தில் மொடமொடப்பு அரை மணி நேரம்கூட நிற்காது. கஞ்சிதான் பூஞ்சைக்குச் சாப்பாடு. மடிப்பில் கறுப்புப் புள்ளி விழுந்தால் அப்புறம் எதைப் போட்டாலும் போகாது. என் தங்கையின் சீமந்தத்துக்கு எடுத்த சந்தன நிறச் சேலை அப்படித்தான் போனது, இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

உள்பாவாடையையும் பிளவுஸையும் மாற்றியதுதான் என் கொடிக்குக் கிடைத்த பெரிய விடுதலை. கனமான பாப்ளின் பாவாடையை மழைக்கு எடுத்து வைத்துவிட்டேன். மெல்லிய பருத்தியில் கீழே ஃபிரில் இல்லாமல், நாடா போகும் இடத்தில் ஒற்றை மடிப்பு மட்டும் வைத்துத் தைத்த பாவாடை இரண்டு. துவைத்ததும் நாடாவை உருவித் தனியே போட்டால் இடுப்பு மடிப்பும் காய்ந்துவிடும். இந்தச் சின்ன வேலையை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பிளவுஸ் டூ பை டூ ரூபியா என்ற மெல்லிய துணியில், லைனிங் இல்லாமல். தையற்காரரிடம், "அண்ணே, துருப்பிடிக்காத ஹூக்காப் போடுங்க" என்று கேட்டு வாங்க வேண்டும். சாதா ஹூக்கும் சாதா ஊக்கும் எங்கள் காற்றில் ஒரு மாதத்தில் துருவேறித் தோள்பட்டையில் காவிக் கறை வைக்கும். அப்படி வைத்துவிட்டால் எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் வையுங்கள், குறையும். பித்தளை ஊக்கு வாங்கிவிட்டால் அந்த வேலையே இல்லை.

அப்படியானால் சுடிதார் வேண்டாமா என்றால், வேண்டும். மழை கொட்டும் காலையில், பின்னால் ஒன்றும் முன்னால் ஒன்றுமாகப் பிள்ளைகளை வைத்து ஸ்கூட்டர் ஓட்டுவதற்குச் சேலை சரிவராது. கொசுவம் நனைந்தால் கால் பின்னும், நிறுத்திக் கால் ஊன்றும்போது பயமாக இருக்கும். ஐந்து நிமிடம் மிச்சமாவதும் சாதாரணம் இல்லை, ஐந்து நிமிடத்தில் ஒரு டிபன் பாக்ஸ் கட்டிவிடலாம். மழைக்காலத்தில் பகலில் கடிக்கும் கொசுவுக்கும் காலை மூடிய பேன்ட் நல்லது, டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும். நான் எடுப்பது மெல்லிய பருத்தி டாப், கலப்புத் துணியில் நேர் பேன்ட். கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே நிற்கிற நீளம். படியாலா வேண்டாம், அந்தக் கொசுவம் எல்லாம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்வேன், காற்றில் விடுவதே இல்லை.

ரெயின்கோட்டில் மட்டும் இன்னும் யோசனை. தலை வழியாகப் போடும் போர்வை மாதிரியானது பிள்ளைகளையும் சேர்த்து மூடும், மலிவு. ஆனால் வாடை அடித்தால் பாய்மரம் மாதிரி விரிந்து ஸ்கூட்டரையே இழுக்கும். கோட்டும் பேன்ட்டுமாக வருவது பாதுகாப்பு, போட்டுக் கழற்றத்தான் நேரமாகும். நான் கோட்டு–பேன்ட் பக்கம்தான் சாய்கிறேன். பிள்ளைகளுக்குத் தனித்தனியாகப் போன வருடமே வாங்கிவிட்டேன்.

என் கணக்கு இப்படி நிற்கிறது. சுங்குடி இரண்டு, 1,400. சுடிதார் இரண்டு, தையல் கூலியோடு 2,000. ரூபியா பிளவுஸ் இரண்டு, தைத்து 700. உள்பாவாடை இரண்டு, 500. ரெயின்கோட் 1,100. மீதி முந்நூறில் பித்தளை ஊக்கு, ஹூக், இன்னும் ஒரு கொடிக் கயிறு. அடுப்படிக்கும் விளக்கேற்றவும் பழைய பருத்திச் சேலைகள் இருக்கின்றன. இருக்கிற இரண்டு பூனம் சேலையைப் புயல் நாளுக்கென்று தனியே வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் இரண்டு கொடி கட்ட இடம் இல்லை, ஒரே அறைதான் என்றால் சேலையைக் குறைத்துச் சுடிதாரை மூன்றாக்குங்கள். ஸ்கூட்டர் ஓட்டாதவர், பள்ளி வேன் வீட்டு வாசலுக்கே வருகிறது என்றால் சுங்குடியை மூன்றாக்கிச் சுடிதாரை ஒன்றாக்கலாம். எப்படி இருந்தாலும் துணியை இந்த வாரமே தையற்கடையில் கொடுத்துவிடுங்கள். தீபாவளி நெருங்கிவிட்டால் அண்ணன் பிளவுஸை வாங்கிக்கொள்வார், ஆனால் கார்த்திகை பாதியில்தான் கையில் தருவார்.